நாற்பத்திரண்டு கல்

எழுபதுகளின் நடுவில் நடந்தது. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஜனவரி மாதம். காலையில் புல் மேல் பனி உறைந்து உப்புக் கொட்டினது போல் கிடக்கும்.

அப்போது கூட இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா, நான் அய்யா என்று கூப்பிடுவேன். தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை அவருக்கு. என் பெண்டாட்டி, கொழுந்து பறிக்கிறவள். எங்கள் பெண் குழந்தை, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன், ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு நாய், அது யாருடையதும் இல்லை. பிறகு நான்.

எனக்குத் தப்பால் வேலை. ஃபாக்டரி ஆபீசிலிருந்து கடிதப் பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் தூரத்து டிவிஷன்களுக்குப் போய்வர வேண்டும். ஜீப் வராத நாளெல்லாம் நான்தான் ஜீப். ஆனால் தினக்கூலி. என் பெண்டாட்டியும் தினக்கூலி. வீட்டில் பெர்மனெண்ட் அய்யா ஒருத்தர்தான். அவருக்கு அந்த மாதத்தோடு சர்வீஸ் முடிகிறது.

தோட்டத்துச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஒருத்தராவது பெர்மனெண்டாக இருந்தால்தான் லயத்து வீடு. இல்லையென்றால் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அய்யாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கம். பத்து வயதில் மலை ஏறினவர். அங்கே எங்களுக்கு ஒரு சுவர்கூடக் கிடையாது.

அப்போதுதான் அந்த ஓட்டம் வந்தது. எல்லாத் தோட்டங்களுக்கும் சேர்த்து, வெளி ஆட்களும் ஓடலாம். மூணாறு டவுனிலிருந்து கிழக்கே தமிழ்நாட்டு எல்லை வரைக்கும். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் கிளார்க் நோட்டீஸைப் படித்தார். மலையாளத்தில் இருந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்றார். படித்துவிட்டு அன்றைக்கே லீவில் ஊருக்குப் போய்விட்டார்.

எங்கள் தொரை, தோட்டத்து மேனேஜர், வடக்கே இருந்து வந்தவர். அரைத் தமிழ் பேசுவார். ஜீப்பில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

“நீ தப்பால்காரன். ஓடு. பத்துக்குள்ளே வா, ஃபாக்டரியில் பெர்மனெண்ட். பதினொண்ணு வந்தா, ஒரு சாயா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொரை சிரிக்கவில்லை. அவர் சொன்னால் செய்கிறவர். நானும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை விடியும் முன்னே தொடங்கினேன். ஃபாக்டரியிலிருந்து கடைசி டிவிஷன் வரைக்கும் கம்பெனி ரோடு ஆறு மைல். வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட கல் ஒவ்வொரு மைலுக்கும் நிற்கிறது. போய் வந்தால் பன்னிரண்டு. அதை முடித்துப் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது.

அண்ணனும் கூட வந்தார். அவருக்குத் தேவை ஒன்றும் இல்லை. பெர்மனெண்ட் ஆள். “ராப்பூரா அடுப்பு முன்னாடி வெந்துட்டு வாரேன் மாப்ள. கொஞ்சம் குளிரட்டும்” என்றார். நாயும் வந்தது.

செருப்பு இல்லை. வெறுங்கால்தான். முதல் மைலில் பனி ஊசியாகக் குத்தும். இரண்டாவது மைலில் ஒன்றும் தெரியாது. அதுதான் கெட்டது. திரும்பி வந்து வாசல் கல்லில் கால் வைத்தேன். என் பெண்டாட்டி கல்லைப் பார்த்தாள்.

“மச்சான், யாரு ரத்தம் இது?”

என்னுடையது. எங்கே கிழிந்தது என்று தெரியவில்லை.

அண்ணன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னார். மறுநாள் ஓடி முடித்ததும் ஃபாக்டரிக்குக் கூட்டிப்போய் அடுப்பு வாயில் காலை நீட்டச் சொன்னார். சுகமாக இருந்தது. சாயங்காலம் பார்த்தால் குதிகால் இரண்டும் வாய் பிளந்து கிடந்தது. உறைந்த காலை நெருப்பில் காட்டக் கூடாது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

என் பெண்டாட்டி அண்ணனிடம் சண்டைக்குப் போகவில்லை. அவருக்குக் கேட்கிற மாதிரி குழந்தையிடம் சொன்னாள். “உங்கப்பனைப் பக்கத்து வீட்டு மாமா விறகுன்னு நெனச்சுட்டாரு.”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் சத்தம் கொடுத்தார். “பச்சை விறகும்மா. சீக்கிரம் பிடிக்காது.”

அவள் பழைய கம்பளியை வெட்டினாள். மழைக்கும் பனிக்கும் கம்பெனி கொடுக்கிற கறுப்புக் கம்பளி. அதில் இரண்டு உறை தைத்து அடியில் சாக்கு வைத்தாள். காலில் மாட்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டேன். கரடிக் கால் மாதிரி இருந்தது. ஆனால் ஓட முடிந்தது.

புதன்கிழமை இந்தக் கிலோமீட்டர் பேச்சு வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது என்ன என்று சரியாகத் தெரியாது. நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். அப்போது மைல்தான்.

அண்ணன் சொன்னார், “மைலுக்குக் கவர்மெண்டு வச்ச புதுப் பேரு. வேற ஒண்ணும் இல்ல.”

என் பெண்டாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் கொழுந்துத் தராசுதான் கணக்கு. முன்பு கொழுந்தை ராத்தலில் நிறுத்தார்கள். பிறகு கிலோ வந்தது.

“கிலோ வந்தப்பவும் பேருதான் மாறுதுன்னு சொன்னாங்க. போய்ப் பறிச்சுப் பாத்தாத் தெரியுது. ரெண்டு ராத்தலுக்கு மேல போட்டாத்தான் ஒரு கிலோ. அப்போ கிலோமீட்டரும் மைலை விடப் பெருசாத்தான் இருக்கும்.”

அண்ணன் “ஏ பிள்ள, கெடக்குற தூரத்தக் கூட்டாத” என்றார்.

நான் யோசித்தேன். அவள் சொல்கிறது சரி என்றால், கிலோ மாதிரி இரண்டு மடங்கு, எண்பது மைலுக்கு மேல் வரும். அதை மனுசன் ஒரு பகலில் ஓட முடியாது. ஓட முடியாததை நோட்டீஸ் போட மாட்டார்கள். அதனால் மைலும் கிலோமீட்டரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அப்படி முடிவு செய்தேன். ஜீப் டிரைவரையும் கேட்டுப் பார்த்தேன். “என் வண்டி மீட்டர் செத்து நாலு வருசம் ஆச்சு. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றார்.

கிலோமீட்டர் மைலை விடச் சின்னதாக இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கிலோ என்றால் எங்களுக்குப் பெரிசுதான்.

ஆக நாற்பத்திரண்டு மைல். நான் தினமும் தப்பால் பையோடு பதினான்கு மைல் நடக்கிறவன். அதைப் போல மூன்று மடங்கு. அதையும் ஓட வேண்டும்.

வியாழக்கிழமை நாய் வரவில்லை. படியில் படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி தலையை வைத்துக்கொண்டது.

“அதுக்கு வீடு இருக்கு” என்றார் அண்ணன்.

அன்றைக்கு ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்தேன். வேகம் போனால் இருபது கல்லில் செத்துவிடுவேன் என்று தெரிந்தது. மூச்சு வாயில் வராத அளவுக்கு ஓடிப் பழகினேன். மூக்கால் இழுத்து மூக்கால் விட்டேன். வாய் திறந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வெள்ளியும் சனியும் அப்படியே. அண்ணனும் அப்படியே பழகினார். பேசாமல் ஓடுவது அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லீவு. முழுத் தூரத்தையும் ஓடிப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன். அண்ணனுக்கு ஷிப்ட். தனியாகத்தான் போனேன். விடியலில் தொடங்கி ஃபாக்டரிக்கும் கடைசி டிவிஷனுக்கும் போய்ப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவை லயத்தைத் தாண்டும்போதும் என் பெண்டாட்டி பால் இல்லாமல் கருப்பட்டி போட்ட கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து நிற்பாள். இரண்டு தடவை போய் வந்தாயிற்று. இருபத்திநாலு மைல். மூன்றாவது தடவை கடைசி டிவிஷன் கல்லைத் தொட்டேன். முப்பது. திரும்பினேன். கால் வரவில்லை.

விழுந்தேன் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. அவ்வளவுதான். இன்னும் பன்னிரண்டு இருந்தது.

வெயில் சாய்கிற நேரம் அய்யா வந்தார். நான் திரும்பவில்லை என்று ஆறு மைலும் நடந்தே வந்திருக்கிறார். தோளில் கம்பளி. என் முன்னால் நின்றார். ஏன் ஓடுகிறாய், விட்டுவிடு என்றெல்லாம் சொல்லவில்லை. அவருக்கும் வீடு வேண்டும்.

“எத்தனை?” என்றார். முப்பது என்றேன்.

“எந்திரி. பனி இறங்கும்.”

கம்பளியை என் மேல் போட்டார். இரண்டு பேரும் நடந்தோம். வழியில் ஒரு தடவை மட்டும் பேசினார். “நான் மருந்து டின்னோடு வேலைக்கு வந்த முதல் நாள் நாலு வரிசைதான் அடிச்சேன்.”  

ஓட்டம் அடுத்த ஞாயிறு. இடையில் இருந்த நாட்களில் கொஞ்சமாக ஓடினேன். மனசுக்குள் அந்தப் பன்னிரண்டு மைல் மட்டும் நின்றது. முப்பதில் உட்கார்ந்தவன் நாற்பத்திரண்டுக்கு எப்படிப் போவான். ஒரே வழிதான். இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும்.

ஞாயிறு காலை கம்பெனி லாரியில் டவுனுக்குப் போனோம். அண்ணனும் ஓடுவதாகப் பெயர் கொடுத்திருந்தார். அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். போலீஸ்காரர்கள் இருந்தார்கள். லீவில் வந்த பட்டாளத்துக்காரர்கள், கீழ்நாட்டுக் காலேஜ் பையன்கள் இருந்தார்கள். நிறையப் பேர் காலில் கேன்வாஸ் ஷூ. என் காலைப் பார்த்து ஒருத்தன் இன்னொருத்தனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

விசில் ஊதினதும் எல்லாரும் பாய்ந்தார்கள். நானும் அண்ணனும் பின்னால் நின்றுவிட்டோம். அவ்வளவு வேகம் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“நாப்பத்திரண்டு மைல் இப்படி ஓடுவானுகளா?” என்றேன்.

“விடு மாப்ள. பத்துக் கல்லுல படுத்துருவானுக. தாண்டிப் போவோம்.”

தேவிகுளம் ஏற்றத்தில் நாங்கள்தான் கடைசி. வாய் மூடி ஓடினோம். ரோட்டோரம் நின்றவர்கள் ஒருத்தரும் எங்களுக்குக் கை தட்டவில்லை. ஒரு கடைக்காரர் மட்டும், “அவசரம் இல்லை. கடை சாயங்காலம் வரைக்கும் இருக்கும்” என்றார்.

பெரிய ரோட்டுக் கல் வேறு மாதிரி. வெள்ளைக் கல், தலையில் மஞ்சள். முதல் கல் வந்தது. அதற்குள்ளா என்று தோன்றியது. கம்பெனி ரோட்டில் ஒரு மைல் எவ்வளவு என்று என் காலுக்குத் தெரியும். இது அவ்வளவு வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது கல்லில் அண்ணனிடம் சொன்னேன்.

“கல்லு கிட்டக் கிட்டக் கிடக்கு அண்ணே.”

“கான்ட்ராக்ட்காரன் வேலை. கல்லுக்கு இவ்வளவுன்னு காசு. கூட நாலு நட்டிருப்பான்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தொடர்ந்து மெதுவாகவே ஓடினோம். வெயில் ஏறியது. கம்பளி உறையைக் கழற்றி எறிந்தேன். பத்துக் கல் போனது. இருபது போனது. ஒருத்தரும் படுத்திருக்கவில்லை. அறுபது பேரில் முக்கால்வாசிப் பேர் கண்ணுக்கு எட்டாத தூரம் முன்னால் போயிருந்தார்கள். கல்லை எண்ணுவதை விட்டு அண்ணன் பின்னாலேயே ஓடினேன். அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தாண்டினோம். சிலர் ரோட்டோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

முப்பதாவது கல் பக்கத்தில் ரோட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. ஜல்லி உடைக்கிற அம்மா ஒருத்தி குடத்தோடு நின்று ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவளாகவே நின்றாள்.

“ஏன்யா, முன்னாடி போனவுக எல்லாம் நாக்குத் தள்ளிப் போறாக. நீங்க என்ன, பொண்ணு பாக்கப் போற மாதிரி வாரீக?”

அண்ணன் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார், “தூரம் கெடக்குல்ல தாயி. இன்னும் பன்னெண்டு மைல்.”

“பன்னெண்டு மைலா? யாரு சொன்னா? எல்லைக்கு இங்கருந்து ஏழு மைலு. ஊருக்குப் போறப்பல்லாம் நடக்கேன், எனக்குத் தெரியாதா?”

நான் கல்லைக் காட்டினேன். முப்பது என்று போட்டிருக்கிறது, நாற்பத்திரண்டுக்கு இன்னும் பன்னிரண்டு என்றேன்.

“அது கிலோமீட்டரு. மைலு இதைவிடப் பெருசு. புதுக் கல்லு நட்டப்ப நாங்கதானே குழி வெட்டுனோம். பழைய கல்லு ஒண்ணு இருந்த தூரத்துக்குப் புதுசு ஒண்ணரைக்கு மேல போச்சு.”

 ஏழு மைல்தான். மொத்தமே நான் போன ஞாயிறு ஓடினதை விடக் குறைவு. முப்பது மைல் ஓடின கால் இது. இன்றைக்கு இருபதுகூட ஆகவில்லை. வாய்கூடத் திறக்கவில்லை.

“முன்னாடி எத்தனை பேர் போனாங்க அம்மா?”

“இருபத்தாறு. சும்மா நிக்கதுக்கு எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

எனக்குக் கணக்கு வராது. இந்தக் கணக்கு உடனே வந்தது. எனக்கு முன்னால் ஒன்பது பேர் மட்டும்தான் இருக்கலாம். பதினேழு பேரைத் தாண்ட வேண்டும்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் காலில் நடுக்கம் தொடங்கியிருந்தது. அதுவரை சொல்லவில்லை.

“நீ போ. எனக்குப் பெர்மனெண்ட் இருக்கு” என்றார். அந்த அம்மாவிடம் இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டுவிட்டு ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்தார்.

நான் வாயைத் திறந்தேன். அந்த இரண்டு வாரத்தில் முதல் தடவை.

முதல் ஆறு பேர் சுலபம். நடந்துகொண்டிருந்தவர்கள். ஒரு போலீஸ்காரர் திரும்பிப் பார்த்து, “இவன் எங்கேந்து வாறான்?” என்று மலையாளத்தில் பக்கத்து ஆளைக் கேட்டார். பிறகு கஷ்டம் வந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்களைத் தாண்ட வேண்டியிருந்தது. பட்டாளத்துக்காரர் ஒருத்தர் ஒரு கல் தூரம் என்னை விடவில்லை. தோளோடு தோளாக வந்தார். ஏற்றத்தில் விட்டுவிட்டார். ஏற்றம் எங்களுக்குப் பழக்கம்.

குதிகாலில் பழைய வெடிப்பு திறந்தது. தார் சூடாக இருந்தது. எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டு. அதற்குமேல் கொஞ்ச தூரம் ரோட்டில் ஆளே இல்லை. முன்னால் போனவர்கள் எல்லாம் முடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வளைவு திரும்பினால் நாலு பேர் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தார்கள். காலேஜ் பையன்கள். ஒருத்தனோடு ஒருத்தன் பேசிக்கொண்டு ஓடினார்கள். தாண்டினேன். அவர்கள் விரட்டினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. ஷூ சத்தம் பின்னால் குறைந்துகொண்டே போனது. பதினாறு.

நாற்பத்தொன்றாவது கல் தாண்டிவிட்டது. தூரத்தில் செக்போஸ்ட் தெரிந்தது. கயிறு கட்டி ஆட்கள் நின்றார்கள். எனக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரே ஒருத்தர். நல்ல உயரம், வெள்ளைப் பனியன். அவரும் சாகிற மாதிரிதான் ஓடினார். அவருக்கு என்ன தேவையோ தெரியாது. அதை அப்போது நினைக்கவில்லை. இப்போது நினைப்பதுண்டு.

கடைசித் தூரத்தில் வாயில் இரும்பு ருசி வந்தது. அவர் முதுகு பெரிசானது. பிறகு தோள். பிறகு காணவில்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்து ஒரு தகரத் துண்டை வைத்தார். அதைப் பார்க்க முடியவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

“பத்து” என்றார்.

அண்ணன் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார். தகரத்தை வாங்கிப் பார்த்தார். “சாயா போச்சே மாப்ள” என்றார்.

லாரி லயத்துக்குத் திரும்பும்போது வெளிச்சம் இருந்தது. என் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சொன்னேன். அவள் முதலில் கேட்டது கிலோமீட்டர் பற்றி. மைலை விடச் சின்னது என்றேன்.  “அப்போ தராசுக்காரன்தான் நம்மள ஏமாத்துறான்” என்றாள். அவள் சந்தேகம் கடைசி வரைக்கும் தீரவில்லை.

அய்யா கட்டிவைத்திருந்த சட்டி பானை மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தார். அவர் கட்டி வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

தொரை சொன்னபடி செய்தார். அடுத்த மாதம் ஃபாக்டரியில் பெர்மனெண்ட் ஆனேன். அதற்குப் பிறகு நான் எந்த ஓட்டமும் ஓடவில்லை. தேவைப்படவில்லை.

தூரம் சரியாகத் தெரிந்திருந்தால் நானும் மற்றவர்களைப் போல விசில் ஊதினதும் பாய்ந்திருப்பேன். எந்தக் கல்லில் உட்கார்ந்திருப்பேனோ தெரியாது. பெரிசு என்று பயந்து பழகினதுதான் என்னைக் கொண்டு சேர்த்தது என்று நினைக்கிறேன். தண்ணீர் கொடுத்த அந்த அம்மாவைப் பிறகு இரண்டு தடவை தேடிப் போனேன். ரோட்டு வேலை முடிந்து போய்விட்டார்கள். அவள் சொல்லியிருக்காவிட்டால் நான் அதே மெதுவில் எல்லை வரைக்கும் போயிருப்பேன், கால் நிறையத் தெம்போடு தோற்றிருப்பேன். எவ்வளவு பழகினாலும், எங்கே வாயைத் திறக்க வேண்டும் என்று சொல்ல வழியில் யாரோ ஒருத்தர் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த லயத்து வீட்டில் நாங்கள் இருந்தது, அதன் பிறகு முப்பத்தொரு வருஷம்.